ஓடுகிறது, ஆனால் பட்டியலில் இல்லை: எஸ்க்யூஎல் சர்வரில் மறைந்திருக்கும் ப்ரொசீஜரைக் கண்டுபிடித்துத் திருத்துவது

கேள்வி சுருக்கமாக இது: ஒரு பழைய பில்லிங் மென்பொருள் மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் ஓடுகிறது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மாத இறுதி ரிப்போர்ட் பட்டனை அழுத்தினால் ஒரு ஸ்டோர்டு ப்ரொசீஜர் (டேட்டாபேஸுக்குள் சேமித்து, பெயர் சொல்லி ஓட்டும் கோடு, அதாவது நிரல்) ஓடுகிறது. அதன் பெயர்கூட ஒருமுறை எரர் மெசேஜில் வந்திருக்கிறது. ஆனால் சர்வரை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவின் இடதுபக்கப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. ஜிஎஸ்டி கணக்கிடும் இடத்தில் ஒரு மாற்றம் செய்ய வேண்டும். எங்கே ஒளிந்திருக்கிறது, எப்படித் திருத்துவது?

யாரோ வேண்டுமென்றே ஒளித்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு இப்போதே போய்விடாதீர்கள். ஒரு ப்ரொசீஜர் கண்ணில் படாமல் போக பத்துக்கும் மேற்பட்ட காரணங்கள் எனக்குத் தெரியும். அவற்றில் திட்டமிட்டு மறைப்பவை இரண்டு மூன்றுதான். மற்றதெல்லாம் நாம் தவறான இடத்தில் தேடுவதால், அல்லது தேடுகிற லாகினுக்கு உரிமை இல்லாததால் வருபவை. காரணம் எது என்று தெரியாமல் கைவைத்தால், கண்டுபிடித்த பிறகும் தவறான ப்ரொசீஜரைத்தான் திருத்துவீர்கள்.

முதல் வேலை, இடதுபக்கப் பட்டியலை நம்புவதை நிறுத்துவது. ஆப்ஜெக்ட் எக்ஸ்ப்ளோரர் என்ற அந்தப் பட்டியல், சர்வரிடம் ஒருமுறை கேட்டு, வடிகட்டி, நினைவில் வைத்துக் காட்டுகிற ஒரு திரை. ரிஃப்ரெஷ் செய்யாவிட்டால் நேற்றைய நிலையைக் காட்டும். யாராவது ஃபில்டர் போட்டிருந்தால் ஃபோல்டர் பெயருக்குப் பக்கத்திலேயே ஃபில்டர் செய்யப்பட்டது என்று ஒரு சொல் இருக்கும், அதைப் பலர் கவனிப்பதில்லை. சிஸ்டம் ஆப்ஜெக்டுகளைக் காட்டாதே என்று ஒரு செட்டிங்கும் உண்டு. இந்த மூன்றையும் ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிட்டு, நேராக எஞ்சினிடம், அதாவது சர்வரிடமே, போங்கள்.

எஞ்சினிடம் கேட்க வேண்டிய கேள்வி: "இந்தப் பட்டனை அழுத்தும்போது நீ உண்மையில் எதை ஓட்டுகிறாய்?" இதற்கு, சர்வரில் ஓடுவதைப் பதிவு செய்யும் எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸ்தான் சரியான வழி. ஒரு செஷன் உருவாக்கி, அதில் ஆர்பிசி_கம்ப்ளீட்டட், எஸ்க்யூஎல்_பேட்ச்_கம்ப்ளீட்டட், மாட்யூல்_எண்ட் ஆகிய மூன்று ஈவென்ட்டுகளைச் சேருங்கள். கூடவே டேட்டாபேஸ் பெயர், கிளையன்ட் அப்ளிகேஷன் பெயர், லாகின் பெயர் ஆகியவற்றையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். மாட்யூல்_எண்ட் மிக அதிகமாகப் பதிவாகும். அதனால் உங்கள் கம்ப்யூட்டர் பெயர் அல்லது லாகின் பெயரை வைத்து வடிகட்டி, பட்டனை ஒருமுறை அழுத்தி, உடனே செஷனை நிறுத்திவிடுங்கள். ப்ரொஃபைலர் என்ற பழைய பதிவுக் கருவியைப் பழகியவர்கள் அதிலும் பார்க்கலாம், ஆனால் அதை மைக்ரோசாஃப்ட் கைவிடும் பட்டியலில் சேர்த்து வெகுகாலம் ஆகிறது. லைவ் சர்வரில் அதன் சுமையும் அதிகம்.

இந்தப் பதிவிலிருந்து டேட்டாபேஸ், ஆப்ஜெக்ட் ஐடி, பெயர் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயரைவிட ஐடிதான் முக்கியம். பெயர் ஏமாற்றும். ஒரே பெயரில் இரண்டு ஸ்கீமாவில் (டேட்டாபேஸுக்குள் இருக்கும் பெயர்ப்பிரிவு) இரண்டு ப்ரொசீஜர் இருக்கலாம். ஐடி ஒரு டேட்டாபேஸுக்குள் ஒன்றுதான். செஷன் உருவாக்க உரிமை இல்லையென்றால், சிஸ்.டிஎம்_எக்ஸெக்_ப்ரொசீஜர்_ஸ்டாட்ஸ் என்ற வியூவை (டேபிள்போல் கேட்டுப் படிக்கலாம்) பாருங்கள். கேஷில் இருக்கும் ப்ரொசீஜர்கள் கடைசியாக எப்போது ஓடின என்று அதில் இருக்கும். பட்டனை அழுத்திய நிமிடத்தோடு ஒப்பிட்டால் ஆள் அகப்பட்டுவிடும். சர்வரின் நிலையைப் பார்க்கும் உரிமை இதற்கும் வேண்டும், அதை டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) எளிதில் தருவார். அதில் டேட்டாபேஸ் ஐடி 32767 என்று வந்தால் குழம்ப வேண்டாம், அது ரிசோர்ஸ் டேட்டாபேஸ். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

டேட்டாபேஸ் பெயரைப் பார்த்ததுமே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். மென்பொருளின் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் வேறொரு டேட்டாபேஸையோ, அதே மெஷினில் இருக்கும் இன்னொரு இன்ஸ்டன்ஸையோ காட்டிக்கொண்டிருக்கும். அல்லது சினானிம் இருக்கும். நீங்கள் தேடுகிற டேட்டாபேஸில் வெறும் பெயர்ப்பலகை மட்டும். உண்மையான ப்ரொசீஜர் வேறு டேட்டாபேஸிலோ லிங்க்டு சர்வரிலோ இருக்கும். சிஸ்.சினானிம்ஸ் வியூவில் பேஸ்_ஆப்ஜெக்ட்_நேம் என்ற காலத்தை (நெடுவரிசையை) பாருங்கள், எங்கே போகிறது என்று எழுதியிருக்கும். எஸ்பி_ என்று தொடங்கும் பெயரென்றால் மாஸ்டர் டேட்டாபேஸையும் பார்க்க மறக்காதீர்கள். மாஸ்டரில் அப்படி ஒரு ப்ரொசீஜரை வைத்தால் எந்த டேட்டாபேஸிலிருந்தும் வெறும் பெயரைச் சொல்லி அழைக்கலாம். பழைய ஆட்கள் இதை வசதிக்காகச் செய்வார்கள், அடுத்து வருபவர் தேடித் தேடிக் களைத்துப் போவார்.

சரி, டேட்டாபேஸ் சரியானதுதான், ஐடியும் கையில் இருக்கிறது, ஆனாலும் பட்டியலில் காணோம் என்றால் அடுத்த சந்தேகம் உரிமை. எஸ்க்யூஎல் சர்வர் 2005 முதல் மெட்டாடேட்டாவுக்கும் (எந்தெந்த ஆப்ஜெக்ட் இருக்கிறது என்ற தகவல்) உரிமை பார்க்கிறார்கள். உங்கள் லாகினுக்கு ஒரு ப்ரொசீஜர் மேல் எந்த உரிமையும் இல்லையென்றால், சிஸ்.ப்ரொசீஜர்ஸ் வியூ அதை உங்களுக்குக் காட்டாது. எரரும் வராது, அந்த வரிசை வராது, அவ்வளவுதான். ஓட்டும் உரிமை மட்டும் இருந்தால் பெயர் தெரியும், உள்ளே இருக்கும் கோடு நல் (வெற்று) என்று வரும். வியூ டெஃபினிஷன் உரிமை இருந்தால்தான் கோடும் தெரியும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அதைப் புரிந்துகொண்டால், "ஓடுகிறது, ஆனால் இல்லை" என்ற விசித்திரம் தெளிந்துவிடும். வெளியே ஒரு ப்ரொசீஜர், அது உள்ளே இன்னொன்றை அழைக்கிறது, இரண்டுக்கும் உரிமையாளர் ஒருவரே என்று வைத்துக்கொள்வோம். வெளியே இருப்பதை ஓட்ட உங்களுக்கு உரிமை இருந்தால் போதும், உள்ளே இருப்பதற்குத் தனியாக உரிமை கேட்பதில்லை. அதனால் உள்ளே இருப்பது ஒழுங்காக ஓடும், எரர் வந்தால் எரர் மெசேஜில் அதன் பெயரும் வரும், ஆனால் பட்டியலில் உங்களுக்குத் தெரியாது. கேள்வி கேட்டவர் சொல்வது அச்சு அசலாக இதைப் போலத்தான் இருக்கிறது. எனவே வேறெதையும் தோண்டுவதற்கு முன்னால் டிபிஏவிடம் அந்த டேட்டாபேஸுக்கு வியூ டெஃபினிஷன் உரிமை கேளுங்கள். படிக்க மட்டுமே தருகிற உரிமை அது, தருபவருக்குத் தயக்கம் இருக்காது. ஹேஸ்_பெர்ம்ஸ்_பை_நேம் ஃபங்ஷனை ஓட்டினால் இப்போது உங்களிடம் அது இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

உரிமை எல்லாம் இருந்தும் காணவில்லையா? இப்போதுதான் வேண்டுமென்றே மறைத்த வகைக்கு வருகிறோம். மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ ஒரு ப்ரொசீஜரை "சிஸ்டம்" என்று எண்ணிவிட்டால் அதைச் சாதாரணப் பட்டியலில் காட்டாமல் சிஸ்டம் ஸ்டோர்டு ப்ரொசீஜர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் போட்டுவிடும். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருப்பதால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இதை இரண்டு விதமாகச் செய்ய முடியும். எஸ்பி_எம்எஸ்_மார்க்சிஸ்டம்ஆப்ஜெக்ட் என்ற, ஆவணங்களில் இடம்பெறாத ப்ரொசீஜரை ஓட்டினால் இஸ்_எம்எஸ்_ஷிப்டு என்ற அடையாளம் 1 ஆகிவிடும். இன்னொன்று, மைக்ரோசாஃப்ட்_டேட்டாபேஸ்_டூல்ஸ்_சப்போர்ட் என்ற பெயரில் ஒரு எக்ஸ்டெண்டட் ப்ராப்பர்ட்டி சேர்ப்பது. டேட்டாபேஸ் டயக்ரம் உருவாக்கும்போது வரும் துணை ப்ரொசீஜர்களை ஸ்டூடியோ தானே இப்படித்தான் ஒதுக்கி வைக்கிறது. அதே வழியை யார் வேண்டுமானாலும் தங்கள் ப்ரொசீஜருக்கும் பயன்படுத்தலாம்.

கண்டுபிடிப்பது எளிது. சிஸ்.ஆப்ஜெக்ட்ஸ் வியூவில் டைப் பி (ப்ரொசீஜர்) என்றும் இஸ்_எம்எஸ்_ஷிப்டு 1 என்றும் இருப்பவற்றைக் கேளுங்கள். உண்மையான சிஸ்டம் ப்ரொசீஜர்கள் சிஸ் ஸ்கீமாவில், சிஸ்.ஆல்_ஆப்ஜெக்ட்ஸ் வியூவில்தான் இருக்கும். உங்கள் பயன்பாட்டு டேட்டாபேஸின் சிஸ்.ஆப்ஜெக்ட்ஸில், டிபிஓ ஸ்கீமாவில், இந்த அடையாளத்தோடு ஏதாவது வந்தால் பெரும்பாலும் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ப்ராப்பர்ட்டியை சிஸ்.எக்ஸ்டெண்டட்_ப்ராப்பர்ட்டீஸ் வியூவில் பெயர் சொல்லித் தேடலாம். அதை எஸ்பி_ட்ராப்எக்ஸ்டெண்டட்ப்ராப்பர்ட்டி வைத்து நீக்கிவிட்டால், ரிஃப்ரெஷ் செய்ததும் ப்ரொசீஜர் பட்டியலுக்கு வந்துவிடும். இஸ்_எம்எஸ்_ஷிப்டு அடையாளத்தைத் திருப்பி எடுக்க முறையான கட்டளை கிடையாது. கோடையும் உரிமைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, நீக்கி, மறுபடி உருவாக்குவதுதான் வழி.

உண்மையான சிஸ்டம் ப்ரொசீஜர்கள் வேறு கதை. அவை 2005 பதிப்பில் வந்த எம்எஸ்எஸ்க்யூஎல்சிஸ்டம்ரிசோர்ஸ் என்ற, படிக்க மட்டுமேயான, பட்டியலில் தெரியாத டேட்டாபேஸில் இருக்கின்றன. முன்னால் சொன்ன ரிசோர்ஸ் டேட்டாபேஸ் இதுதான். ஒவ்வொரு டேட்டாபேஸின் சிஸ் ஸ்கீமாவிலும் அவை இருப்பதுபோல் தோன்றும், அவ்வளவே. சிஸ்.சிஸ்டம்_எஸ்க்யூஎல்_மாட்யூல்ஸ் வழியாகக் கோடைப் படிக்கலாம், படித்துக் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. திருத்த முயலாதீர்கள். அதன் நடத்தை பிடிக்கவில்லையென்றால் கோடை நகலெடுத்து வேறு பெயரில் உங்களுடையதாக எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு வகை, மிகப் பழையது. இதில் நானே இரண்டு நாள் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு நூற்பாலையின் சம்பள மென்பொருள். போனஸ் கணக்கில் ஒரு சதவீதம் மாற வேண்டும். ப்ரொசீஜர் கண்ணெதிரே இருந்தது, திருத்தினேன், மென்பொருள் பழைய கணக்கையே காட்டிக்கொண்டிருந்தது. கேஷாக இருக்குமோ என்று மறுபடி கம்பைல் செய்ய வைத்தேன், சர்வரையே ரீஸ்டார்ட் செய்தோம். பலனில்லை. கடைசியில் ட்ரேஸ் (எது ஓடுகிறது என்ற பதிவு) போட்டுப் பார்த்தபோதுதான், மென்பொருள் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு அரைப்புள்ளியும் 2 என்ற எண்ணும் சேர்த்து அழைப்பது தெரிந்தது. எண்ணிட்ட ப்ரொசீஜர்கள்! ஒரே பெயரில் 1, 2, 3 என்று ஒரு குழுவாக வைத்துக்கொள்ளும் பழைய வசதி. கைவிடப்போகிறோம் என்று மைக்ரோசாஃப்ட் எப்போதோ அறிவித்துவிட்டது, ஆனால் இன்னும் வேலை செய்கிறது. பட்டியலில் முதலாவது மட்டும் தெரியும், சிஸ்.எஸ்க்யூஎல்_மாட்யூல்ஸிலும் முதலாவது மட்டும்தான். இரண்டு முதல் உள்ளவை சிஸ்.நம்பர்டு_ப்ரொசீஜர்ஸ் என்ற தனி வியூவில் கிடக்கின்றன. திருத்தும்போது ஆல்டர் ப்ரொசீஜர் கட்டளையில் பெயரோடு அரைப்புள்ளியும் எண்ணும் சேர்த்து எழுத வேண்டும். நீக்குவதென்றால் தனித்தனியாக நீக்க முடியாது, குழு மொத்தமும் போய்விடும். நான் செய்த முதல் தவறு, திருத்துவதற்கு முன்னால் ட்ரேஸ் போடாதது. எஞ்சினை முதலில் கேளுங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

மற்ற ஒளிவிடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஹேஷ் குறியோடு தொடங்கினால் அது தற்காலிக ப்ரொசீஜர், டெம்ப்டிபியில் பிறந்து அங்கேயே மறையும். அதை உருவாக்கும் கோடு மென்பொருளுக்குள் இருக்கும். சிஸ்.ஆப்ஜெக்ட்ஸில் டைப் பிசி என்றிருந்தால் டாட்நெட்டில் எழுதிய சிஎல்ஆர் ப்ரொசீஜர். உள்ளே எஸ்க்யூஎல் கோடே இருக்காது, அசெம்ப்ளியின் (கம்பைல் செய்த டாட்நெட் ஃபைல்) மூலக்கோடு வேண்டும். இரவில் தானாக ஓடுவது என்றால் எம்எஸ்டிபியில் சிஸ்ஜாப்ஸ்டெப்ஸ் டேபிளின் கமாண்ட் காலத்தில் தேடுங்கள், சில சமயம் முழுக் கணக்கும் ஜாப் ஸ்டெப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். இன்னும் சில இடங்களில் கோடு ஒரு டேபிளில் சாதாரண எழுத்தாகச் சேமிக்கப்பட்டு, ஓடும் நேரத்தில் எடுத்துக் கோத்து ஓட்டப்படும். அப்போது ப்ரொசீஜரே கிடையாது, டேபிளில் ஒரு வரிசையைத் திருத்தினால் வேலை முடிந்தது.

பெயர் சரியாகத் தெரியாமல், கோடுக்குள் இருக்கும் ஒரு சொல்லை வைத்துத் தேடுபவர்களுக்கும் சில எச்சரிக்கைகள் உண்டு. இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.ரொட்டீன்ஸ் வியூ கோடின் முதல் 4000 எழுத்துகளை மட்டும் தரும். பழைய சிஸ்கமெண்ட்ஸ் 4000 எழுத்துத் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கும், நீங்கள் தேடும் சொல் வெட்டுவாயில் விழுந்தால் கிடைக்காது. எனவே சிஸ்.எஸ்க்யூஎல்_மாட்யூல்ஸின் டெஃபினிஷன் காலத்தில் மட்டும் தேடுங்கள். தேடலில் லைக் (LIKE) போடும்போது அடிக்கோட்டுக்கு "எந்த ஒரு எழுத்தும்" என்று பொருள், அதைச் சதுர அடைப்புக்குள் போடாவிட்டால் சம்பந்தமில்லாதவையும் வந்து குவியும். எல்லா டேட்டாபேஸிலும் ஒரே மூச்சில் தேட எஸ்பி_எம்எஸ்ஃபார்ஈச்டிபி பயன்படுத்துவார்கள். அது ஆவணப்படுத்தப்படாத கருவி, சில நேரம் சில டேட்டாபேஸ்களைச் சொல்லாமல் விட்டுவிடும். சிஸ்.டேட்டாபேஸஸ் மேல் நீங்களே ஒரு சுற்று எழுதிக்கொள்வது நல்லது.

இன்னொரு பொறி, எஸ்பி_ரீநேம். அதைக் கொண்டு பெயர் மாற்றினால் ஆப்ஜெக்டின் பெயர் மாறும், சேமித்த கோடுக்குள் இருக்கும் பழைய பெயர் மாறாது. கோடைத் தேடினால் பழைய பெயர் வரும், அந்தப் பெயரில் பட்டியலில் ஒன்றும் இருக்காது. "மறைந்துவிட்டது" என்று நினைப்பீர்கள். இதைவிட ஆபத்து, எஸ்பி_ஹெல்ப்டெக்ஸ்ட் மூலம் கோடை எடுத்து, கிரியேட்டை ஆல்டராக மாற்றி ஓட்டுவது. பழைய பெயரில் வேறொரு ப்ரொசீஜர் உயிரோடு இருந்தால் அதை அழித்து எழுதிவிடுவீர்கள். எனவே கோடின் முதல் வரியில் உள்ள பெயரை ஆப்ஜெக்ட் ஐடியின் பெயரோடு எப்போதும் ஒப்பிடுங்கள்.

இனி, பூட்டு ஐகானோடு தெரிவது. பூட்டு இருந்தால் உடனே என்க்ரிப்ட் செய்யப்பட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வியூ டெஃபினிஷன் இல்லாவிட்டாலும் பூட்டுதான் தெரியும். ஆப்ஜெக்ட்ப்ராப்பர்ட்டி ஃபங்ஷனில் இஸ்என்க்ரிப்டட் என்று கேட்டு, பதில் 1 வந்தால்தான் அது வித் என்க்ரிப்ஷன் போட்டு உருவாக்கப்பட்டது.

பெயரில் என்க்ரிப்ஷன் இருந்தாலும் மைக்ரோசாஃப்டே இதைக் கோடை மழுங்கடிப்பது என்றுதான் விவரிக்கிறது. உருமாறிய கோடு சிஸ்.சிஸ்ஆப்ஜ்வேல்யூஸ் என்ற உள் டேபிளில் இருக்கிறது. சிஸ்அட்மின் உரிமை உள்ளவர், அட்மின் என்ற முன்னொட்டோடு டிஏசி எனப்படும் நிர்வாகிக்கான தனி இணைப்பில் நுழைந்தால் மட்டுமே அதைப் படிக்க முடியும். அந்த இணைப்பை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்த முடியும், க்வெரி விண்டோவிலிருந்துதான் திறக்க வேண்டும், ஆப்ஜெக்ட் எக்ஸ்ப்ளோரரை அதில் இணைக்க முடியாது. அங்கிருந்து மூலக்கோடை மீட்கும் ஸ்கிரிப்டுகளும் கருவிகளும் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளன. தெரிந்த ஒரு கோடை அதே ப்ரொசீஜரில் தற்காலிகமாக ஏற்றி, இரண்டு உருமாற்றங்களையும் ஒப்பிட்டு மூலத்தை எடுக்கிறார்கள். ஆகவே, லைவ் டேட்டாபேஸில் ஒருபோதும் செய்யாதீர்கள். பேக்கப்பை வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்து அங்கே செய்யுங்கள்.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, அந்தக் கோடு யாருடையது என்பது. உங்கள் நிறுவனமே பணம் கொடுத்து எழுதவைத்து, எழுதியவர் மூலத்தைத் தராமல் போயிருந்தால் மீட்பதில் தவறில்லை. அப்போதும் ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு, மேலதிகாரியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். விலைக்கு வாங்கிய மென்பொருளாக இருந்தால் கோடு விற்றவருடையது. பிரித்துத் திருத்தினால் உரிம ஒப்பந்தத்தை மீறக்கூடும், சப்போர்ட்டும் போகும். அடுத்த அப்டேட் வரும்போது உங்கள் திருத்தம் சத்தமில்லாமல் அழிந்துவிடும், அதுவும் நீங்கள் லீவில் இருக்கிற நாளில். அந்த நிலையில் நான் முதலில் பார்ப்பது, ஜிஎஸ்டி விகிதம் ஏதாவது செட்டிங்ஸ் டேபிளில் இருக்கிறதா என்பதைத்தான். ஓரளவு அனுபவமுள்ள எந்த விற்பனையாளரும் விகிதத்தைக் கோடுக்குள் எழுதமாட்டார். இல்லையென்றால் விற்றவரிடமே கேளுங்கள், அல்லது அந்த ரிப்போர்ட்டுக்கு உங்களுடைய புதிய ப்ரொசீஜர் ஒன்றை எழுதி வையுங்கள்.

கோடு கிடைத்துவிட்டது, திருத்தும் உரிமையும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் கோடை வெளியே எடுப்பதிலேயே தவறு நேரலாம். எஸ்பி_ஹெல்ப்டெக்ஸ்ட் 255 எழுத்துக்கு ஒரு வரி என்று உடைத்துத் தரும். நீளமான வரி இருந்தால் ஒரு காலம் பெயரின் நடுவிலோ, மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்தின் நடுவிலோ உடைந்துவிடும். டெக்ஸ்ட் முறையில் ரிசல்ட் எடுத்தால் ஸ்டூடியோவின் இயல்பு வரம்பு 256 எழுத்து. கிரிட்டிலிருந்து நகலெடுத்தால் அதற்கான செட்டிங் இல்லாதபோது வரிமுறிவுகள் போய்விடும். இரண்டு சிறுகோடுகளோடு (--) தொடங்கும் கமெண்டுக்குப் பிறகு வரிமுறிவு போய்விட்டால், மீதிக் கோடு முழுவதும் கமெண்ட் ஆகிவிடும். பட்டியலில் வலது க்ளிக் செய்து மாடிஃபை கொடுப்பதே பாதுகாப்பு. பட்டியலில் தெரியாத ப்ரொசீஜருக்கு டெஃபினிஷனை எக்ஸ்எம்எல்லாக மாற்றி எடுத்தால் வரிகள் அப்படியே வரும். அதில் சிறியது, பெரியது போன்ற குறிகள் உருமாறியிருக்கலாம், பார்த்துச் சரிசெய்யுங்கள்.

கோடின் கடைசியையும் ஒருமுறை பாருங்கள். எண்ட் என்பதற்குப் பிறகும் பேட்ச் முடிவு வரை உள்ள எல்லாமே ப்ரொசீஜரின் பகுதிதான். யாரோ முன்பு பேட்சைப் பிரிக்கும் கோ (GO) போட மறந்து, அடுத்து எழுதிய, உரிமை வழங்கும் கிராண்ட் கட்டளை ப்ரொசீஜருக்குள்ளேயே போய் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை ஓடும்போதும் உரிமை வழங்க முயல்வதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். நிர்வாகி ஓட்டினால் வேலை செய்யும், சாதாரண லாகினில் எரர் வரும். காரணம் புரியாமல் ஆளுக்கொரு சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

திருத்த ஆல்டர் ப்ரொசீஜர், அல்லது 2016 பதிப்பின் முதல் சர்வீஸ் பேக் முதல் இருக்கும் கிரியேட் ஆர் ஆல்டர் பயன்படுத்துங்கள். நீக்கி உருவாக்கினால் யார் யாருக்குக் கொடுத்திருந்த உரிமை எல்லாமே போய்விடும், ஆல்டரில் அது நிற்கும். ஆனால் ஆல்டரிலும் நிற்காத சில உண்டு. வித் என்க்ரிப்ஷன், எக்ஸிக்யூட் ஆஸ் (வேறொருவர் உரிமையில் ஓட வைப்பது), வித் ரீகம்பைல் ஆகியவற்றைத் திருத்தும்போது மறுபடி எழுதாவிட்டால் அவை போய்விடும். இவற்றில் எக்ஸிக்யூட் ஆஸ் போனால்தான் உடனே அடிபடும், ரிப்போர்ட்டை ஓட்டுபவருக்கு உள்ளே இருக்கும் டேபிள்களில் உரிமை இருக்காது. ப்ரொசீஜரை சர்டிஃபிகேட் கொண்டு கையொப்பமிட்டிருந்தால், ஆல்டர் செய்ததும் கையொப்பம் அழியும், மறுபடி இட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று கோட்டட் ஐடென்டிஃபையர் செட்டிங். இரட்டை மேற்கோளுக்குள் இருப்பதைப் பெயராக எடுத்துக்கொள்வதா என்பதை அது சொல்கிறது. ப்ரொசீஜரை உருவாக்கும் அல்லது திருத்தும் நேரத்தில் இணைப்பில் அது எப்படி இருக்கிறதோ, அப்படியே ப்ரொசீஜரோடு சேமிக்கப்படும். ஸ்டூடியோவில் இயல்பாக ஆன், எஸ்க்யூஎல்சிஎம்டி என்ற கமாண்ட் லைன் கருவியில் இயல்பாக ஆஃப். ஸ்டூடியோவில் டெஸ்ட் செய்து, லைவில் எஸ்க்யூஎல்சிஎம்டி வழியாக ஏற்றினால், ஃபில்டர்டு இண்டெக்ஸ் உள்ள டேபிளில் எழுதும்போது 1934 என்ற எரர் வரும். கோடில் ஒரு எழுத்துகூட வித்தியாசம் இருக்காது, தலை சுற்றும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் அந்த செட் கட்டளைகளைத் தனி பேட்சாக எழுதிவிடுங்கள். சிஸ்.எஸ்க்யூஎல்_மாட்யூல்ஸில் யூசஸ்_கோட்டட்_ஐடென்டிஃபையர் என்ற காலம் பழைய நிலை என்னவென்று சொல்லும்.

லைவில் ஏற்றுவதற்கு முன்னால் ரீஸ்டோர் செய்த நகலில் சோதியுங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் ஆல்டர் ப்ரொசீஜர் ட்ரான்ஸாக்‌ஷனுக்குக் கட்டுப்பட்டது. பிகின் ட்ரான் போட்டு, ஆல்டர் செய்து, ஓட்டிப் பார்த்து, ரோல்பேக் கொடுத்தால் பழைய கோடு அப்படியே திரும்பிவிடும். நகலில் இது அருமையான வசதி. லைவில் செய்தால், ட்ரான்ஸாக்‌ஷன் திறந்திருக்கும் வரை அந்த ப்ரொசீஜரை அழைப்பவர்கள் எல்லோரும் காத்து நிற்பார்கள், பில் போடும் கவுண்ட்டரே நின்றுவிடும்.

இந்தத் திருத்தத்தை நீங்கள் செய்த பிறகு, உங்களுக்கு அடுத்து வருபவர் இதே தேடலைத் தொடங்காமல் இருக்க இரண்டு காரியம் செய்துவிடுங்கள். எல்லா ப்ரொசீஜர்களின் கோடையும், எண்ணிட்டவை உட்பட, கிட் (Git) என்ற வெர்ஷன் கண்ட்ரோலில் ஏற்றி வையுங்கள். ஆல்டர்_ப்ரொசீஜர், கிரியேட்_ப்ரொசீஜர், ட்ராப்_ப்ரொசீஜர் ஈவென்ட்டுகளுக்கு டேட்டாபேஸ் அளவில் ஒரு டிடிஎல் ட்ரிக்கர் (இந்த மாற்றம் நடந்ததும் தானாக ஓடும் கோடு) எழுதி, ஈவென்ட்டேட்டா தருகிற லாகின், நேரம், முழுக் கட்டளை மூன்றையும் ஒரு டேபிளில் சேமியுங்கள். சர்வரின் டிஃபால்ட் ட்ரேஸிலும் இந்த மாற்றங்கள் பதிவாகும், ஆனால் அது 20 எம்பி அளவில் ஐந்து ஃபைல்களை மட்டும் சுழற்சியாக வைத்திருக்கும், பரபரப்பான சர்வரில் சில நாளிலேயே பழையது போய்விடும். ட்ரிக்கரில் எழுதும் டேபிளுக்கு எல்லா லாகினுக்கும் எழுத உரிமை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது ட்ரிக்கரில் எக்ஸிக்யூட் ஆஸ் போடுங்கள். இல்லையென்றால் உரிமையில்லாதவர் செய்யும் ஆல்டர் ட்ரிக்கரோடு சேர்ந்து தோற்றுப்போகும்.

இப்போதைக்கு டிபிஏவிடம் வியூ டெஃபினிஷன் வாங்கி, எரரில் வந்த பெயரை சிஸ்.ஆல்_ஆப்ஜெக்ட்ஸில் தேடிப் பாருங்கள். வந்தால் ஸ்கீமா, டைப், இஸ்_எம்எஸ்_ஷிப்டு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸ் செஷனில் வந்த டேட்டாபேஸ் பெயரையும் ஆப்ஜெக்ட் ஐடியையும் எழுதுங்கள், அங்கிருந்து தொடர்ந்து பார்க்கலாம்.